கொக்கிமுனை எஃகு இழை: வெடிப்பைத் தாங்கும் கான்கிரீட்டுக்கு ஏற்றதா?

பதுங்குகுழி, வெடிமருந்துக் கிடங்கு போன்ற ராணுவக் கட்டுமானங்களை மனத்தில் கொண்டு, 60 மி.மீ. நீளமும் 0.75 மி.மீ. விட்டமும் உடைய கொக்கிமுனை எஃகு இழைகளைக் கான்கிரீட்டில் கலந்து சோதித்ததில் எனக்கு மிகுந்த மனநிறைவு. வெடிப்பின் அழுத்த அலை சுவரைக் கடந்து பின்முகத்தில் இழுவிசையாகத் திரும்பும்போது, அமுக்க வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே இழுவலிமை கொண்ட சாதாரண கான்கிரீட் சில்லுகளாகப் பெயர்ந்து தெறிக்கிறது; அச்சில்லுகளே உள்ளிருப்போரின் உயிருக்கு உலை வைத்துவிடும்.

25 மி.மீ. ஆழத்துக்குக் கீறலிட்ட 150 மி.மீ. சதுர உத்தரத்தை வளைத்தபோது, விரிசல் விட்ட பின்னும் அது இரண்டாகப் பிளக்கவில்லை. விரிசலுக்குள் கொக்கிகள் நிமிர்ந்து, இழைகள் அறாமல் மெல்ல உருவி வருவதைக் கண்ணாலேயே காணலாம். ஆற்றலை உட்கொள்வது இந்த உருவல்தான்.

கன அளவில் 1 விழுக்காடு என்றாலே கனமீட்டருக்கு 78.5 கிலோ ஆகிறது. அளவு கூடக்கூடக் கலவை இறுகி, இழைகள் பந்தாகத் திரள்கின்றன. பசையால் கற்றையாக ஒட்டப்பட்டவற்றை வாங்குவதே நல்லது. கலக்கும்போது பசை கரைந்து இழைகள் சீராகப் பிரியும். முறுக்குக் கம்பிக்கு இதை மாற்றாகக் கருதவே கூடாது. மெதுவான வளைவுச் சோதனை வெடிப்பின் வேகத்தைக் காட்டாது என்பதால், எடை விழும் மோதல் சோதனையும் திறந்தவெளி வெடிப்புச் சோதனையும் முடியாமல் எந்தக் கலவைக்கும் ஒப்புதல் தரலாகாது.