குழந்தை தூங்கும்போது வேலையா, நம் தூக்கமா?

பகலெல்லாம் ஒன்றரை வயதுப் பையனோடு வீட்டில் இருக்கும் அப்பா நான். 1 முதல் 2 வயதுவரை, பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி, அவன் மதியம் தூங்கும்போது நான் என்ன செய்வது?

பாத்திரம் தேய்த்தால் வீடு வீடாக இருக்கும். ஆனால் ஒரு தட்டு கைதவறி விழுந்தால் கதை முடிந்தது, அப்புறம் சாயங்காலம் முழுக்க தூக்கம் கலைந்த பிள்ளையின் சிணுங்கலும் என் சிடுசிடுப்பும்தான். நானும் 20 நிமிடம் கண்ணயர்ந்தால் பொறுமை திரும்புகிறது, அதனால் என் ஓட்டு இதற்கே. துணி மடிப்பது அவன் விழித்திருக்கும்போது (நான் மடிப்பேன், அவன் கலைப்பான், இருவருக்கும் பொழுது போகும்). கத்தி, அடுப்பு, பினாயில் வேலைகளை மட்டும் நான் எழுந்து, அவன் எழுவதற்குள் முடித்துவிடுவேன்.