டீசல் பம்ப்: பிரித்துச் சீர் செய்வதா, பழையது வாங்கி மாட்டுவதா?

என்னுடையது 2007 மாடல் டீசல் பிக்அப். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் டீசலை அழுத்தித் தள்ளும் பாகங்கள் வரிசையாக நிற்கும் இன்லைன் பம்ப். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு மளிகைச் சாமான் ஏற்றிப் போகும். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. போன வருஷம் 9வது வளைவுக்கே வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூன்றாவது கியரில் ஏறிய இடமெல்லாம் இரண்டுக்கு இறங்கியது, அப்புறம் ஒன்றுக்கு. மேலே சரக்கை இறக்கி, டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது. காலையில் வீட்டிலும் ஹேண்ட் பிரைமரை (கையால் டீசல் ஏற்றும் குமிழ்) இருபது தடவை அடித்தால்தான் உயிர் வரும்.

சித்தப்பா மகன், என் தம்பி முறை, அவனிடமும் இதே மாடல் வண்டிதான். ஒரு மாதம் முன்னே பின்னே அவனுக்கும் இதே கோளாறு. நான் என் பம்ப்பைப் பிரித்துச் சீர் செய்தேன். அவன் உடைத்த வண்டியின் பம்ப் ஒன்றை வாங்கி மாட்டினான். புதுப் பம்ப் என்று மூன்றாவது வழி ஒன்று உண்டு. இந்த வயசு வண்டிக்கு அந்த விலை கொடுக்க இருவருக்குமே மனசு வரவில்லை.

எந்த வழியில் போவதானாலும் கோளாறு பம்ப்பில்தான் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பம்ப் கடைக்காரரிடம் போனில் பேசியபோது விலையே சொல்லவில்லை. "ஏனுங்க, கேன் கட்டிப் பாத்தீங்களா?" என்றார். 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, பம்ப்பை விட உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கண்ணாடி டியூப் வழியாக நேரே பம்ப்புக்குக் கொடுப்பது. டேங்க், லைன், ஃபீட் பம்ப் (டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் சின்னப் பம்ப்) எல்லாம் ஆட்டத்துக்கு வெளியே. ராத்திரி கட்டி வைத்தேன். காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. அப்படியென்றால் டேங்க்கிலிருந்து வரும் வழியில் எங்கோ காற்று நுழைகிறது. தேடியதில், ஃபீட் பம்ப்புக்குள் டீசல் நுழையும் இடத்திலிருந்த செப்பு வாஷர் நசுங்கிப் போயிருந்தது. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பெரும்பாலும் டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. சில்லறைக் காசு வாஷர், காலைத் தொல்லை தீர்ந்தது.

மலையில் இழுக்காததும் சூட்டில் ஸ்டார்ட் ஆகாததும் அப்படியே இருந்தன. அதற்கு ஈரச் சாக்குச் சோதனை. சூடாக நின்றுபோன வண்டியின் பம்ப்பில் ஈரச் சாக்கைச் சுற்றி, கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தேன். பிடித்துக்கொண்டது. சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த எலிமென்ட்டின் (டீசலை அழுத்தித் தள்ளும் குட்டி பிஸ்டன்) ஓரமாகக் கசிந்துவிடும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைத் திறக்கும் அழுத்தம் வராது. ஆறினால் கொஞ்சம் கெட்டியாகி வேலை செய்யும். தண்ணீரை நேரடியாக ஊற்றுகிறவர்களும் உண்டு. எலிமென்ட்டுக்கும் அது ஓடும் பேரலுக்கும் நடுவே இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான், சிக்கிக்கொள்ளுமோ என்ற பயத்தில் நான் செய்வதில்லை. ஆக, பம்ப்பும் தேய்ந்துதான் இருந்தது.

இனி கணக்கு. எனக்கு நாலு எலிமென்ட், நாலு டெலிவரி வால்வு, சீல், பம்ப்பைச் சோதனை பெஞ்சில் ஓட்டி அளக்கும் கூலி எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய். நாலு நாள் வண்டி நின்றது. அவனுக்கு 9,000 ரூபாய், அரை நாள் வேலை. அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்க வேண்டியதுதான்.

இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது பெஞ்ச் கேலிப்ரேஷன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பம்ப்பை மோட்டார் வைத்துச் சுழற்றி, ஒவ்வொரு லைனும் இத்தனை ஸ்ட்ரோக்குக்கு எத்தனை சி.சி. டீசல் தள்ளுகிறது என்று வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் அளப்பார்கள். என் பம்ப்பைப் பிரிக்கும் முன் கடைக்காரர் ஓட்டிக் காட்டினார். வேகத்தில் நாலு குழாயும் ஓரளவு ஒட்டியே இருந்தன. செல்ஃப் அடிக்கும் வேகத்துக்குக் குறைத்ததும் மூன்றாவது குழாய் ஒரு விரற்கடை கீழே நின்றுவிட்டது. மெதுவாகச் சுற்றும்போதுதான் கசிய நேரம் கிடைக்கிறது. வளைவில் சுற்று விழுந்ததும் வண்டி செத்ததற்கு விடை அந்தக் குழாயில் இருந்தது. புது எலிமென்ட் போட்டு, திருகித் திருகி, நாலும் ஒரே கோட்டில் நின்ற பிறகே கழற்றினார்.

வாங்கிப் போடும் பம்ப்புக்கு இந்தச் சங்கதியே கிடையாது. வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி பம்ப் ஜெனரேட்டரிலும் இருக்கும். அதன் கவர்னர் (சுற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) நிமிஷத்துக்கு 1500 சுற்றிலேயே நிற்பதற்கென்று அமைத்தது. வேறு இன்ஜினிலிருந்து வந்ததென்றால் டீசல் அளவே வேறு. பம்ப்பின் மேல் உள்ள தகட்டு எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தம்பி வாங்கியதில் தகடே இல்லை. இரண்டாவது மாதம் ஏற்றத்தில் கரும்புகை கக்கியது. எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்று) முன்னால் புகைச் சோதனையில் நின்றுவிட்டது. கடைசியில் அவனும் பெஞ்சுக்குத்தான் வந்தான். அந்தப் பம்ப்பிலும் எலிமென்ட் பாதி போயிருந்தது. மேலே 13,000. ஆக மொத்தம் 22,000.

பழையதே கூடாது என்று சொல்லமாட்டேன். நம் பம்ப்பின் பாடியோ கேம் ஷாஃப்ட்டோ உடைந்துவிட்டால் வேறு வழியில்லை. அதைக் கூடாக மட்டும் நினைத்து வாங்கி, உள்ளே புது எலிமென்ட் போடலாம். ஓடுகிற வண்டியிலிருந்து கண் முன்னால் கழற்றித் தந்தால், பெஞ்சில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம். சென்னை புதுப்பேட்டையில் அப்படி வாங்கி வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர் ஒருவரை எனக்குத் தெரியும். சுழன்றே எல்லா சிலிண்டருக்கும் டீசலைப் பங்கு போடும் ரோட்டரி பம்ப் வண்டி ஒன்றே ஒன்றுதான் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். அதில் உள் பாகங்களுக்கெல்லாம் டீசலேதான் ஆயில், தண்ணீர் போயிருந்தால் எல்லாமே போயிருக்கும். அங்கே பழையதை நம்ப எனக்கு இன்னும் தயக்கம். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் கதை வேறு, அது நான் பேசும் விஷயமில்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்து டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். ஆனதிலிருந்துதான் பழைய பம்ப்பெல்லாம் தேய்கிறது என்று ஸ்டாண்டில் ஒரு பேச்சு உண்டு. குறைகிற வழவழப்பை ஈடுகட்ட மருந்து கலந்துதான் டீசல் வருகிறது. என் எலிமென்ட்டில் நெடுக்கக் கீறல் விழுந்திருந்தது, துருப் புள்ளிகளும் இருந்தன. அது தண்ணீரும் அழுக்கும் செய்த வேலை. இப்போது வாரம் ஒருமுறை ஃபில்டர் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுகிறேன்.

தம்பி இன்னொன்றும் செய்தான். 9,000 விலை படிய வேண்டும் என்று தன் பழைய பம்ப்பை அந்தக் கடையிலேயே மாற்றாகக் கொடுத்துவிட்டு வந்தான். தகடு ஒட்டியிருந்த, அந்த இன்ஜினோடு பிறந்த பம்ப். திரும்பக் கேட்கப் போனபோது அது அன்றைக்கே விற்றுப்போயிருந்தது.