கினிபிக்கின் குடல் நின்றுபோனால்: வாங்கின மாவா, வீட்டுக் கூழா?

கச்சான் எங்கள் வீட்டுக் கினிபிக். வயசு 3. கச்சான் கோதின் நிறம் என்பதால் மகள் வைத்த பெயர் அது. யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் பின் விறாந்தையில், வேப்பமர நிழல் விழுகிற பக்கமாக அவனுடைய கூடு இருக்கிறது. கடந்த ஒரு வருஷத்துக்குள் இரண்டு தரம் அவனுடைய குடல் நின்றுபோனது. முதல் தரம் வீட்டிலேயே முயல் தீனியைக் கரைத்துச் சிரிஞ்சால் ஊட்டினோம். இரண்டாம் தரம் புல்தின்னிகளுக்கென்று விற்கிற மீட்பு மாவைக் கரைத்து ஊட்டினோம். எங்களுக்குக் கிடைத்தது ஒக்ஸ்போ நிறுவனத்தின் கிரிட்டிக்கல் கெயார். இரண்டு தரமும் பிழைத்துக்கொண்டான். ஆனாலும் இன்னொரு தரம் வந்தால் எதை எடுப்பேன் என்று கேட்டால், மாவைத்தான் எடுப்பேன்.

குடல் நிற்பது என்றால் என்ன என்று முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் பிராணிகளின் குடல் இரவு பகல் பாராமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சுகமாக இருக்கும் கினிபிக் ஒரு நாளில் 100 புழுக்கைக்கு மேல் போடும். ஏதோ ஒரு காரணத்தால் சாப்பாடு குறைந்தால் குடல் மந்தமாகும். உள்ளே காற்றுச் சேரும், வலி வரும், வலியால் இன்னும் சாப்பிடாது. வாந்தி எடுக்கவும் இவற்றால் முடியாது. அதனால் "விடியப் பார்ப்பம்" என்று ஓரிரவு விட்டுவிடுவதே பெரிய ஆபத்து. அரை நாள் வாயில் ஒன்றும் படவில்லை என்றாலே மிருக வைத்தியரிடம் ஓட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முதல் தரம் நடந்தது இப்படி. தங்கச்சியின் மகன் வந்திருந்த நாளில், ஆசைப்பட்டுக் கோவா இலையையும் பாண் துண்டுகளையும் கூட்டுக்குள் போட்டிருக்கிறான். குழந்தை, அவனுக்கு என்ன தெரியும்? அடுத்த நாள் விடியப் பார்த்தால் கச்சான் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, மயிரெல்லாம் சிலிர்த்து நிற்க, பல்லை நறநறவென்று கடித்தபடி இருந்தான். இரவு முழுக்கப் போட்ட புழுக்கை 8தான். அதுவும் மிளகு மாதிரிச் சின்னதாக, காய்ந்துபோய். குசினித் தராசில் வைத்தேன். முந்தின கிழமை 920 கிராம் இருந்தவன் 860க்கு வந்திருந்தான்.

வைத்தியர் வயிற்றைத் தடவிப் பார்த்து, தட்டிப் பார்த்து, அடைப்பு இல்லை என்று சொன்னார். வலி குறையவும் குடலை அசைக்கவும் மருந்து தந்தார். தோலுக்கடியில் சேலைன் ஏற்றினார். பிறகு, "இனி வேலை உங்கட கையில, அக்கா. ஊட்டுறதை நிப்பாட்டாதேங்கோ. மீட்பு மா கிடைச்சா நல்லது. இல்லாட்டி முயல் தீனியை ஊற வைச்சுக் குடுங்கோ" என்றார்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் போக முடியாது. வயிறு மத்தளம் மாதிரி ஊதி இறுகியிருந்தால் எந்தக் கூழையும் ஊட்டக் கூடாது. அது அடைப்பாகவோ காற்று முட்டலாகவோ இருக்கலாம், ஊட்டினால் உயிருக்கே ஆபத்து. நேரே வைத்தியரிடம் போக வேண்டும். மற்றது, வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் மனிதர்களின் அன்ரிபயோட்டிக்கைத் தொடவே கூடாது. அமொக்சிசிலின் போன்றவை நமக்குச் சாதாரண மருந்து. கினிபிக்கின் வயிற்றில் அவை நல்ல பற்றீரியாக்களைக் கொன்றுவிடும், அந்த இடத்தில் நச்சுச் சுரக்கும் கிருமிகள் பெருகும்.

சரி, ஒப்பீட்டுக்கு வருகிறேன்.

விலையில் வீட்டுக் கூழ்தான் மலிவு. அதில் பேச ஒன்றுமில்லை. கிடைப்பதிலும் அதுவே முன்னுக்கு நிற்கிறது. முயல் வளர்ப்பவர்கள் இங்கே நிறையப் பேர், அதனால் முயல் தீனி தேடி அலைய வேண்டியதில்லை. மாவுக்கோ நான் கொழும்பில் இருக்கும் அண்ணாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தேடி வாங்கி, இரவு பஸ்ஸில் 400 கிலோமீற்றர் தாண்டி அது வந்து சேர மூன்று நாள். அதற்குள் கச்சான் தானாகப் புல் கடிக்கத் தொடங்கிவிட்டான். பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே பிரிட்ஜில் வைத்தேன். ருசியிலும் கூழுக்குத்தான் வெற்றி. மாவில் பெருஞ்சீரகம் போல ஒரு வாசம் இருக்கிறது, முதல் இரண்டு வேளையும் கச்சான் அதைத் துப்பினான்.

மூன்றாவதாகக் கஞ்சி என்ற வழியையும் சிலர் சொல்வார்கள். மாமி பாசத்தோடு ஒரு பேணியில் அரிசிக் கஞ்சியும், கூடவே ஓம வோட்டரும் கொண்டுவந்தா. அவவின் பிள்ளைகளெல்லாம் அதில்தான் வளர்ந்தவர்கள். ஆனால் கினிபிக்கின் பெருங்குடல் தொடக்கத்தில் பெரிய பை ஒன்று இருக்கிறது. அதற்குள் நார் புளித்துச் செரிக்க வேண்டும். மாச்சத்து அங்கே போனால் புளிப்பு முறை மாறிக் காற்றுத்தான் கூடும். மாமிக்கு விளக்கிச் சொன்னேன், அவவும் கேட்டுக்கொண்டா.

இனி நான் முடிவெடுத்த இடம். அது நார்.

வீட்டுக் கூழ் செய்வது இப்படித்தான்: முயல் தீனியைச் சுடுதண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறவைத்து, மசித்து, சிரிஞ்சுக்குள் இழுக்கிற பதத்துக்குத் தண்ணீர் விட வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். முதல் வேளையே சிரிஞ்சு அடைத்துக்கொண்டது. அழுத்தினால் ஒன்றும் வராது, இன்னும் அழுத்தினால் ஒரேயடியாகச் சீறிக்கொண்டு வரும். அப்படிச் சீறுவது ஆபத்து, மூச்சுக் குழாய்க்குள் போனால் நெஞ்சுச் சளி பிடித்துவிடும். அதனால் அரிதட்டில் போட்டு வடித்தேன். கூழ் பாலாடை மாதிரி வழுவழுப்பாக இறங்கியது, சிரிஞ்சும் அடைக்கவில்லை. எனக்குப் பெரிய நிம்மதி.

இரண்டாம் நாள் விடிய அரிதட்டைக் கழுவும்போதுதான் கவனித்தேன். அதன் அடியில் பச்சையும் மண்ணிறமுமாகத் தும்பு தும்பாக ஒரு பிடி ஒட்டிக்கிடந்தது. விரலால் எடுத்து உருட்டிப் பார்த்தேன். அத்தனையும் புல்லின் நார். கச்சானின் குடலை அசைக்க எது வேண்டுமோ அதை நான் அரிதட்டிலேயே விட்டுவிட்டேன். சிரிஞ்சு வழியே அவனுக்குப் போனது பெரும்பாலும் தானிய மாவும் தண்ணீரும். கஞ்சி வேண்டாம் என்று மாமிக்குச் சொல்லிவிட்டு, வேறு பெயரில் அரைக் கஞ்சியை நானே ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு மனசு சரியாகவே இல்லை.

வடிக்காமல் விட்டால் அடைக்கும், வடித்தால் நார் போய்விடும். வீட்டுக் கூழின் சிக்கல் முழுவதும் இதுதான். கிரைண்டரில் மாவாக அரைத்துப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை. 1 மில்லி சிரிஞ்சின் நுனியை வெட்டி, விளிம்பை நகவெட்டியின் அரத்தால் உரசி மழுங்கவைத்தால் ஓரளவு தடித்த கூழும் இறங்கும். இது பலர் செய்யும் முறை, நானும் மூன்றாம் நாளிலிருந்து அப்படித்தான் செய்தேன். ஆனால் 1 மில்லி சிரிஞ்சால் ஊட்டி முடிப்பது எவ்வளவு நேரம் என்று யோசியுங்கள். ஒரு கிலோ நிறைக்கு நாளுக்கு ஏறத்தாழ 50 மில்லி கூழ் போக வேண்டும். கச்சானுக்கு 45 மில்லி. நாளுக்கு 6 வேளை, வேளைக்கு 7 அல்லது 8 மில்லி. என் கணவர் அவனைத் துவாயில் சுற்றி மடியில் பிடித்திருக்க, நான் முன் பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாகச் சிரிஞ்சை வைத்து, அரை மில்லி விட்டு, அவன் மென்று விழுங்கும் வரைக்கும் காத்திருந்து, பிறகு அடுத்த அரை மில்லி. அரைத்து, ஊட்டி, கழுவி முடிக்க முக்கால் மணித்தியாலம். இரவு 2 மணிக்கும் அதே வேலைதான். நாலு நாள்.

மாவிலோ இந்தச் சிக்கலே இல்லை. அதன் முதல் சேர்மானமே திமொத்திப் புல்லின் மா. பொட்டலத்தில் நார் 21 முதல் 26 வீதம் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் முயல் தீனிச் சாக்கில் 14 என்றுதான் இருந்தது, அதிலும் பாதியை அரிதட்டு எடுத்துக்கொண்டது. மா ஒரு பங்குக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் இரண்டு பங்கு விட்டுக் கலக்கி இரண்டு நிமிஷம் விட்டால் ஊறித் தடிக்கும். வாய் அகன்ற 10 மில்லி சிரிஞ்சில் வடிக்காமலே இறங்கியது. ஒரு வேளைக்குக் கால் மணித்தியாலம் போதும். ஒரு நாளைக்குரிய அளவு, கிலோ நிறைக்கு 3 மேசைக்கரண்டி மா.

இன்னொன்று விற்றமின் சி. முயல் தன் உடம்பிலேயே அதைச் செய்துகொள்ளும், அதனால் முயல் தீனியில் சேர்ப்பதில்லை. கினிபிக்குக்கு மனிதரைப் போலவே வெளியிலிருந்துதான் வர வேண்டும். கிலோவுக்கு நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம், நோய் நேரத்தில் அதைவிடக் கூட. மாவில் அது சேர்ந்தே வருகிறது. கூழ் ஊட்டின நாட்களில் பாமசியில் வாங்கின 100 மில்லிகிராம் குளிசையில் கால் துண்டைப் பொடித்து ஒவ்வொரு நாளும் புதிதாகக் கலந்தேன். தண்ணீரில் கரைத்து வைத்தால் அதன் சத்துக் கெட்டுப்போகும்.

இரண்டாம் தரம் நடந்தது கார்த்திகை மழையில். வெட்டிவைத்த புல் சாக்குக்குள் ஈரம் பிடித்து மணக்கத் தொடங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னேரம் புழுக்கை குறைந்ததைக் கண்டதும் வைத்தியரிடம் போய் வந்து, அன்றிரவே பிரிட்ஜில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். 905 கிராம் இருந்தவன் 870க்குக் கீழே போகவில்லை. முதல் தரம் 840 வரைக்கும் இறங்கினவன். இரண்டாம் நாள் இரவே மிளகு மாதிரி இருந்த புழுக்கை பயறு மாதிரியாகி, மூன்றாம் நாள் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

இதை மாவின் வெற்றி என்று மட்டும் சொன்னால் அது நேர்மையாகாது. இரண்டாம் தரம் நான் அரை நாளிலேயே பிடித்துவிட்டேன். முதல் தரம் ஓரிரவு முழுக்கப் போன பிறகுதான் கண்டேன். மருந்தும் இரண்டு தரமும் கொடுத்தோம், எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. என் அனுபவம் ஒரேயொரு கினிபிக்கோடுதான். பல் நோயால் சாப்பிடாமல் விடும் கினிபிக்கை மாதக் கணக்கில் ஊட்டுகிறவர்களுக்கு மாவின் விலை தாங்காது. அவர்கள் நுனி வெட்டின சிரிஞ்சும் நன்றாக அரைத்த தீனியுமாகக் கூழையே பழக்கிக்கொள்வது நியாயம்தான்.

இதையும் சொல்ல வேண்டும்: மாவில் எவ்வளவு நார் இருந்தாலும் அது பொடிதான். நீளப் புல்லைக் கடித்து மெல்லும்போதுதான் பல்லும் தேயும், குடலும் முழுசாக ஓடும். அதனால் ஊட்டுகிற நாட்களிலும் மூக்கடியில் புல் இருக்க வேண்டும். நான் அறுகம்புல்லும், வளவின் பின்பக்கத்துக் கினிப்புல்லும் வைக்கிறேன். வெங்காயத் தோட்ட வரம்பில் எவ்வளவு வடிவான புல் நின்றாலும் வெட்டுவதில்லை, அங்கே மருந்தடிப்பு அதிகம். மாசி முதல் புரட்டாதி வரைக்கும் நல்ல வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டாமல் கடகத்தில் காற்றுப்படத் தொங்கவிட்டால் மழைக் காலத்துக்கும் வரும். இந்த வருஷம் அப்படித்தான் செய்கிறேன்.

இப்போது இரண்டுமே வீட்டில் இருக்கின்றன. முயல் தீனியில் ஒரு போத்தல், பொட்டலம் தீர்ந்து அடுத்தது வந்து சேரும் வரைக்குமான இடைவெளிக்கு. பிரித்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, காலாவதித் திகதியை மேலே ஒட்டிப் பிரிட்ஜின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். அண்ணாவிடம் இன்னொன்றுக்குச் சொல்லியாகிவிட்டது. கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி தொங்குகிறது. ஒவ்வொரு ஞாயிறும் மகள் கச்சானைத் தராசில் வைத்து நிறையை எழுதுகிறாள். நேற்று 915.