டொரன்டோ கிட்டாருக்குச் சென்னையில் செட்டப்

டிசம்பரில் அக்கூஸ்டிக் கிட்டாரோடு ஊருக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். செட்டப் செய்ய, அதாவது கம்பி உயரத்தையும் கழுத்தையும் வாசிக்க வாகாகச் சரிசெய்ய, சென்னையில் கைதேர்ந்த ரிப்பேர்காரர்கள் இருக்கிறார்கள், செலவும் கட்டுப்படியாகிறது. ஆனால் வேலைக்குக் கொடுக்கும்போதே, இது திரும்ப எந்த ஊருக்குப் போகப்போகிறது என்று சொல்லிவிடுங்கள். நான் இந்த முறை கற்றுக்கொண்டதில் முக்கியமானது அதுதான்.

காரணம் ஈரப்பதம். கிட்டார் செய்கிறவர்கள் 45 முதல் 55 சதவீதம் வரை நல்லது என்பார்கள். டொரன்டோவில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் அது 30க்கும் கீழே போய்விடும். மார்கழிச் சென்னையில் 70, 80 என்பது சர்வ சாதாரணம். மெல்லிய ஸ்ப்ரூஸ் மேல்பலகை அந்த ஈரத்தைக் குடித்து உப்புகிறது, அதன் மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேலே எழும்புகிறது, கம்பிகள் கழுத்தை விட்டு விலகி நிற்கின்றன. சென்னை வந்து கொஞ்ச நாளிலேயே எஃப் காட் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடிக்க விரல் வலித்தது. டியூனிங்கும் நிற்கவில்லை, காலையில் சேர்த்தால் மாலையில் ஏறியிருக்கும்.

முதலில் போன கடையில் ஒரு பையன் கிட்டாரை வாங்கிப் பார்த்துவிட்டு, "டிரஸ் ராடைத் திருகினா இறங்கிடும் சார்" என்று ஆலன் சாவியை எடுத்துவிட்டான். மேல்பலகையை அவன் பார்க்கவே இல்லை. டிரஸ் ராடு கழுத்தின் வளைவைச் சரிசெய்வதற்கு. உப்பின பலகைக்கு அது மருந்தாகாது. வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோபம்தான் வந்தது, ஏனென்றால் விவரம் தெரியாமல் வருகிற பிள்ளைகளின் கிட்டார்களும் அந்தச் சாவிக்குத்தான் போகும்.

பிறகு நண்பர் ஒருவர் வடபழனிப் பக்கம் ஒரு மாடி அறைக்கு அனுப்பினார். போர்டு கிடையாது. சினிமா ரெக்கார்டிங்கில் வாசிக்கிறவர்கள் வேலை கொடுக்கும் இடம். மாஸ்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கிட்டாரை மடியில் வைத்தவர் முதலில் வாசிக்கவில்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி, இரண்டு பக்கமும் தெரிந்த இடைவெளியைக் காட்டினார். அப்புறம் முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) கேப்போ என்ற கம்பிகளை அழுத்தும் கிளிப்பைப் போட்டு, உடம்போடு கழுத்து சேரும் இடத்தில் கம்பியை அழுத்தி, நடுவில் கம்பிக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தார். உள்ளே போயும் போகாமலும் நின்றது.

"கழுத்து நல்லா இருக்கு தம்பி. வயிறுதான் ஊதியிருக்கு. எங்க இருந்து வந்தது?"

"கனடா, மாஸ்டர். ஜனவரியில திரும்பிடுவேன்."

"அப்ப இந்தச் சாடிலைத் தொட மாட்டேன். இதை அறுத்துட்டா அங்க போனதும் கம்பி எல்லாம் ஃபிரெட்டுல இடிக்கும்."

சாடில் என்பது பிரிட்ஜின் மேல் கம்பிகள் உட்காரும் மெல்லிய பட்டை. டொரன்டோவில் குளிர்காலத்தில் பலகை வற்றிக் கீழே இறங்கும். இங்கே தேய்த்த சாடிலோடு போனால் எந்தக் காட் பிடித்தாலும் கரகரக்கும். அதனால் அவர் புதிதாக ஒரு எலும்புச் சாடில் செய்தார். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தடித்த ஈ கம்பி 3.2 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தது, அது 2.4க்கு வர வேண்டும். பன்னிரண்டாம் ஃபிரெட் கம்பியின் நடுப்புள்ளி என்பதால், அந்த இடத்தில் 0.8 இறங்க வேண்டுமானால் சாடிலில் அதைப் போல இரண்டு மடங்கு, 1.6 குறைய வேண்டும். கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, எலும்பைச் செங்குத்தாகப் பிடித்து, இழுத்து இழுத்துத் தேய்த்தார். நாலு இழுப்புக்கு ஒரு தரம் அளவு பார்த்தார். பழைய சாடிலை ஒரு கவரில் போட்டு 'கனடா' என்று எழுதிக் கையில் கொடுத்தார்.

டியூனிங்கில் அவர் சொன்னதும் எழுதி வைக்க வேண்டியது. நான் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன், ஜி கம்பியை ஈ மேஜர் காட் இனிக்கும் வரை இறக்கிவிடுவேன். அதில் ஜி கம்பி ஒலிப்பது காந்தாரம், தம்புராவில் தானாக ஒலிக்கும் அந்தர காந்தாரத்தைக் காது தேடுகிறது. கிட்டாரின் ஃபிரெட்டுகளோ பன்னிரண்டு சம இடைவெளிகளில் போட்டவை, அதில் அந்தக் காந்தாரம் 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தூக்கலாகத்தான் இருக்கும். ஈ காட்டுக்காக ஜி கம்பியை இறக்கினால் டி காட்டில் அதே கம்பி பஞ்சமத்தைக் கெடுத்துவிடும். மாஸ்டர் டியூனரில் ஆறு கம்பியையும் சேர்த்தார், பிறகு ஈ, டி, சி மூன்றையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்து அப்படியே விட்டுவிட்டார். "எல்லாத்துக்கும் பொதுவா வைக்கணும் தம்பி, ஒண்ணுக்கு மட்டும் வைக்கக் கூடாது."

செட்டப்பும் சாடிலும் சேர்த்து 2,000 ரூபாய். டொரன்டோவில் வெறும் செட்டப்புக்கே இதைவிட அதிகம் ஆகும். கம்பி மட்டும் நான் கொண்டுபோன பாஸ்பர் பிரான்ஸ், 12-53 தடிமன் உள்ள செட். கோட்டிங் உள்ளதாக வாங்கிப் போங்கள், கடற்காற்றிலும் வியர்வையிலும் சாதாரணக் கம்பி சீக்கிரமே கறுத்து மந்தமாகிவிடும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பிக்கு அடியிலும் துடையுங்கள். விரற்பலகையில் தேங்காய் எண்ணெய் பூசச் சொல்வார்கள், வேண்டாம், பிசுபிசுத்து அழுக்குச் சேரும். இரவெல்லாம் ஏசி, பகலில் புழுக்கம் என்று மாறும் அறையில் கிட்டாரை வெளியே வைக்காமல் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்.

விமானத்துக்கு: ஆறு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன, அதனால் ஒரு சுரம் அளவு தளர்த்தி, தலைப்பகுதிக்குக் கீழே துண்டு மடித்து வைக்க வேண்டும். ரோஸ்வுட் கிட்டாரை எல்லை தாண்டிக் கொண்டுபோகலாமா என்று பலர் கேட்கிறார்கள். நம் மலைகளின் ஈட்டி மரம்தான் அது. அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனி 1969 முதல் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இதற்கு மாறியது. என் கிட்டாரின் முதுகும் ஈட்டிதான், கடல் தாண்டிப் போன மரம் லீவுக்கு ஊர் வந்ததில் எனக்குத் தனி சந்தோஷம். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸில் ரோஸ்வுட்டுக்கு 2017ல் வந்த கட்டுப்பாட்டிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை, பழைய கிட்டார் வைத்திருப்பவர்கள் மரம் எது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இறங்கின மறுநாளே செட்டப்புக்கு ஓடாதீர்கள். மரம் ஊர்க் காற்றுக்குப் பழக ஒரு வாரமாவது விட்டுக் கொடுங்கள். திரும்பிப் போனதும் அதே மாதிரிதான்: நான் ஹியூமிடிஃபையர் போட்டு, பலகை இறங்கும் வரை காத்திருந்து, பிப்ரவரியில்தான் பழைய சாடிலை மாட்டினேன். கரகரப்பு எதுவும் இல்லை.