"மோட்டார் போச்சுக்கா"ன்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க (பழைய வாஷிங் மிஷின குடுத்து நான் ஏமாந்த கதை)

பெங்களூர்ல இருக்கறவங்க, முக்கியமா அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் இருக்கறவங்க இத படிச்சுடுங்க. கொஞ்சம் நீளம்தான், மூணு மாசமா உள்ளயே வச்சு புழுங்கிட்டு இருக்கேன், அதான்.

மிஷின் எங்க அம்மாவோடது. 1994ல சீட்டு எடுத்து வாங்கினாங்க. பிபிஎல்-சான்யோ, செமி ஆட்டோமேட்டிக், ரெண்டு டப்பு, ஒண்ணுல தொவைக்கும் ஒண்ணுல புழியும். அப்ப பிபிஎல்னா இங்க பெரிய பேரு. 1963ல பாலக்காட்டுல மீட்டர் செஞ்சு ஆரம்பிச்ச கம்பெனிம்மான்னு அப்பா வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்வாரு, ஏதோ அவரு பார்ட்னர் மாதிரி. புது மிஷின் வந்தப்புறம் இது மாடிப்படிக்கு அடியில ஒரு பழைய பெட்ஷீட்ட போத்திக்கிட்டு பத்து வருஷம் கெடந்துச்சு. இந்த வருஷம் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கறப்ப குஜரிக்காரர் (பழைய சாமான் வாங்கறவர்) வந்து தூக்கிப் பாத்துட்டு 600 ரூபா தரேன்னாரு, அம்மாவும் சரின்னுட்டாங்க, எனக்குத்தான் மனசு வரல, நான் ரெடி பண்றேன்னு சொல்லி பால்கனிக்கு இழுத்துட்டு வந்துட்டேன். (குடுத்திருந்தா 600 ரூபா லாபம்னு அம்மா இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்றாங்க.)

முதல் பத்து நாள் நல்லாத்தான் போச்சு. டப்புக்கு அடியில சுத்துமே அந்த பல்சேட்டர், அதோட ஸ்க்ரூ துருப்புடிச்சு அசையவே இல்ல, தேங்காண்ணெ ஊத்தி ரெண்டு நாள் ஊற வச்சு கழட்டினேன், உள்ள பாத்தா ஒரு குப்பத்தொட்டியே இருக்கு, தலைமுடி, ஊக்கு, தம்பியோட ஸ்கூல் சட்டை பட்டன், 25 பைசா காசு ரெண்டு. அது செல்லாமப் போனதே 2011ல. எங்க வீட்ல அப்பல்லாம் போர் தண்ணிதான், அந்த உப்பு டப்பு பூரா வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி படிஞ்சிருந்துச்சு, எலுமிச்சை உப்ப சுடுதண்ணில கரைச்சு ராத்திரி பூரா விட்டேன், காலைல தேய்ச்சா கையோட வந்துடுச்சு. மேல இருக்கற ப்ளாஸ்டிக் பேனல் மஞ்சளா போயிருந்துச்சு, அதுக்கு பார்லர்ல ஹேர் கலருக்கு போடற டெவலப்பர் க்ரீம தடவி, காயாம இருக்க ப்ளாஸ்டிக் கவர் சுத்தி வெயில்ல வச்சேன், ரெண்டு நாள்ல பழைய வெள்ளை வந்துடுச்சு. அம்மா வந்து தொட்டுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போனாங்க, சந்தோஷம்னு அர்த்தம்.

அப்புறம் ப்ளக் போட்டேன். 'ம்ம்ம்ம்'னு ஒரு சத்தம் மட்டும், சுத்தல.

இங்கதான் நான் கவுந்தது. இப்ப தெரியுது, அந்த 'ம்ம்ம்' சத்தத்துக்கு பாதி நேரம் காரணம் கெப்பாசிட்டர்தான். நம்ம வீட்டு கரண்ட் சிங்கிள் ஃபேஸ், அதுல இந்த மாதிரி மோட்டார் தானா கெளம்பாது, மோட்டாருக்குள்ள இருக்கற ரெண்டாவது காயிலுக்கு (சுத்தி வச்ச கம்பி) கெப்பாசிட்டர் வழியா கரண்ட் கொஞ்சம் முன்ன பின்ன போனாத்தான் அது எந்தப் பக்கம் சுத்தணும்னு முடிவு பண்ணும். பழைய ஃபேன் மொனகிக்கிட்டே நிக்குமே, குச்சியால தள்ளி விட்டா ஓடுமே, அதே வியாதிதான். அப்ப எனக்கு இது ஒண்ணும் தெரியாது.

யாரோ குடுத்த நம்பர்ல ஒரு மெக்கானிக்க கூப்பிட்டேன், பழைய மிஷின் எல்லாம் புதுசு மாதிரி பண்ணித் தருவோம்னாரு. வந்து வாய தொறந்த உடனே தமிழ். "எந்த ஊருக்கா நீங்க? திருப்பத்தூரா? அய்யோ நம்ம ஊருக்கா!" அவ்ளோதான், நான் காபி போடப் போயிட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள பின்பக்க கவர கழட்டி வச்சுட்டு, மோந்து பாத்து "காயில் கருகிடுச்சுக்கா, மோட்டார் போச்சு, வாசம் வரல உங்களுக்கு?"ன்னாரு. நானும் குனிஞ்சு மோந்து பாத்தேன், வந்துச்சு! மோந்து பாருன்னு ஒருத்தர் சொன்னா வரத்தான செய்யும்.

ரேட் பேசினது 6,500. மோட்டாருக்கு புது காப்பர் ரீவைண்டிங் (செம்புக் கம்பில காயில புதுசா சுத்தறது), பாடிக்கு பவுடர் கோட்டிங் (பவுடர் பெயிண்ட சூடாக்கி ஒட்ட வைக்கறது), பெல்ட், ஆயில் சீல், புழியற டப்புக்கு அடியில வர்ற ரப்பர் பெல்லோ, கெப்பாசிட்டர், எல்லாம் அதுலயே. அட்வான்ஸ் 4,000 ஜிபே பண்ணேன். மூணு நாள்னு சொல்லி தூக்கிட்டுப் போனது அஞ்சு வாரம் ஆச்சு. கோட்டிங் பீன்யா இண்டஸ்ட்ரியல் ஏரியால குடுத்திருக்கேன் லைன்ல நிக்குது, மழை, பையன் ஊருக்குப் போயிட்டான், ஆயுத பூஜை லீவு. நடுவுல ஒரு நாள் போன் பண்ணி டைமர் ரெண்டும் போயிடுச்சுக்கா, மும்பைலேர்ந்து வரணும், 1,800 எக்ஸ்ட்ரான்னாரு. டைமர் நான் குடுக்கறப்ப டிக் டிக்னு நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, நானே திருப்பிப் பாத்தேன், ஆனா எப்படியாவது மிஷின் கைக்கு வந்தா போதும்னு சரின்னுட்டேன்.

கொண்டு வந்தது ராத்திரி எட்டரைக்கு. டெம்போக்காரன் நிக்கறான், சீக்கிரம் பாருங்கக்கான்னு ஒரே அவசரம், பால்கனி லைட்ல பாத்தா பளபளன்னு இருக்கு, தண்ணி ஊத்தாம ரெண்டு நிமிஷம் ஓட்டிக் காட்டினாரு, சுத்துச்சு. பாக்கி 4,300 கேஷா குடுங்கக்கா, ஜிபே இன்னிக்கு லிமிட் முடிஞ்சுதுன்னாரு, குடுத்தேன். பில்லு நாளைக்கு வாட்ஸப்ல வரும்னாரு. வரவே இல்ல.

அடுத்த நாள் காலைல நாலு பெட்ஷீட் போட்டேன். ஒரு பக்கம் நல்லா சுத்துது, திரும்பறப்ப மட்டும் கெழவன் மாடி ஏறற மாதிரி இழுக்குது. பன்னெண்டு பதிமூணு நிமிஷத்துல நின்னுடும், அரை மணி நேரம் விட்டா மறுபடி ஓடும், பின்னாடி கை வச்சா சுடுது. போன் பண்ணா "புது காயில்க்கா, செட் ஆகட்டும்"னாரு. காயில் என்ன மாமியார் வீட்டுக்குப் போன பொண்ணா, செட் ஆக?

மூணு வாரம் கழிச்சு பக்கத்து வீட்டு மாமாகிட்ட சொன்னேன், அவரு தூரவாணி நகர் ஐடிஐல (டெலிபோன் செஞ்ச கவர்மெண்ட் கம்பெனி) ரிட்டயர் ஆனவர், டெலிபோன் காலத்து கை. ப்ளக்க புடுங்கச் சொல்லி, கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும் தொடாதம்மான்னு என்ன தள்ளி நிக்க வச்சுட்டு மல்டிமீட்டர் வச்சாரு. தொவைக்கற மோட்டார் ரெண்டு பக்கமும் மாறி மாறி சுத்தணும்ல, அதனால அதுல ரெண்டு காயிலும் அச்சு அசலா ஒரே ரீடிங் காட்டணுமாம். இதுல ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல. அப்புறம் காயில் முனைல ப்ளேடால லேசா சொரண்டினாரு. மேல இருந்த செவப்பு வார்னிஷ் போய் உள்ள வெள்ளி மாதிரி மின்னுச்சு. "இது செம்பு இல்லம்மா, அலுமினியம்"னாரு. செம்பு கடத்தற அதே கரண்ட்ட அலுமினியம் கடத்தணும்னா கம்பியோட குறுக்குவெட்டுப் பரப்பு சுமாரா 1.6 மடங்கு வேணுமாம், மோட்டார்ல இருக்கற குழி அதே சைஸ்தான, எங்க நுழைக்கறது, அதான் சூடாகுது. அதுவும் எங்க மோட்டாரே இல்ல அது, வேற ஏதோ மோட்டார கொண்டு வந்து, புல்லி (பெல்ட் மாட்டற சக்கரம்) லூசா இருக்குன்னு நடுவுல தகரத்த வெட்டி சொருகி வச்சிருக்காரு. கெப்பாசிட்டர் மட்டும் அப்படியே பழசு, சான்யோ ஸ்டிக்கரோட.

அதாவது போன ஒரே சாமான மாத்தல, நல்லா இருந்த செம்பு மோட்டார கழட்டிக்கிட்டாங்க.

பவுடர் கோட்டிங் கதையும் கேளுங்க. ஒரு மாசத்துல அடிப்பக்கம் கொப்பளம் கெளம்புச்சு. மாமா பஞ்சுல தின்னர் நனைச்சு தேய்ச்சாரு, பெயிண்ட் பஞ்சோட வந்துடுச்சு, அதுக்கு அடியில பட்டி, அதுக்கும் அடியில பழைய துரு அப்படியே உக்காந்திருக்கு. ஒழுங்கா பண்ண பவுடர் கோட்டிங் அவ்ளோ சுலபமா தின்னர்ல வராது. ஆனா இதுக்கு தின்னரே வேண்டியதில்ல, பாத்தாலே தெரிஞ்சிருக்கணும் எனக்கு. பவுடர் கோட்டிங்னா தகரத்த தனியா கழட்டி 180, 200 டிகிரி அடுப்புல வைப்பாங்க, ரப்பரும் ப்ளாஸ்டிக்கும் அதுல போகவே முடியாது. இதுல வயர் வர்ற ஓட்டைல இருக்கற ரப்பர் வளையத்து மேலயே பெயிண்ட் அடிச்சிருக்கு, ஸ்க்ரூ தலைலயும் பெயிண்ட். நாலு நாள் அதுக்குப் பக்கத்துலயே துணி காயப் போட்டிருக்கேன், கண்ணுல படல.

போன் பண்ணி கேட்டேன். முதல்ல "இப்ப எங்கயும் காப்பர் கெடைக்காதுக்கா", அப்புறம் "அந்த மாமாவுக்கு என்ன தெரியும்", கடைசில "நம்ம ஊர்க்காரங்களே இப்படி பேசலாமா"ன்னு குரல் உடைஞ்சு போய் பேசினாரு, ஒரு நிமிஷம் நான்தான் தப்பு பண்ணிட்டனோன்னு தோணிச்சு. மறுநாள் நம்பர் ப்ளாக். கடைன்னு சொன்ன எடத்துக்குப் போனா அங்க மொபைல் கவர் விக்கறாங்க. ஜிபேல வர்ற பேரும் வேற பேரு. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கு போட்டேன், பில் இருக்கான்னு கேட்டாங்க, கேக்கறது நியாயம்தான, என்கிட்ட இருக்கறது 4,000 போன ஸ்க்ரீன்ஷாட் மட்டும்தான். கேஷா குடுத்த 4,300 காத்துல போச்சு.

அதனால இப்படி யாருக்காவது குடுக்கறதா இருந்தா, முதல்ல கவர கழட்டி மோட்டார், டைமர், கெப்பாசிட்டர் எல்லாத்தையும் ஸ்டிக்கர் தெரியற மாதிரி போட்டோ எடுங்க, மோட்டார்ல கண்ணுக்குப் படாத எடத்துல நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைங்க, கழட்டின பழைய பார்ட்ஸ் எல்லாம் திரும்பி வரணும்னு குடுக்கறப்பவே சொல்லிடுங்க. ராத்திரி டெலிவரி வாங்கவே வாங்காதீங்க. தண்ணி ஊத்தி துணி போட்டு அரை மணி நேரம் ஓட்டாம பாக்கி காச நீட்டாதீங்க, டெம்போக்காரன் நின்னா நிக்கட்டும்.

போன வாரம் மாமாவும் நானும் சிவாஜிநகர் குஜரில சுத்தினோம். ஒரு கடைல அதே மாதிரி சான்யோ மோட்டார் கெடந்துச்சு, 900 ரூபா. நானே ப்ளேட எடுத்து கடைக்காரர் முன்னாடியே சொரண்டிப் பாத்தேன், செக்கச் செவேல்னு செம்பு. "மேடம் மெக்கானிக்கா?"ன்னு சிரிச்சாரு. அப்புறம் எஸ்பி ரோட்டுக்கு (எலக்ட்ரானிக் சாமான் கடைங்க இருக்கற தெரு) போய் புது கெப்பாசிட்டர், 120 ரூபா. அன்னிக்கே இந்த 120 ரூபாயோட முடிஞ்சிருக்க வேண்டியது. வீட்ல மாட்டினதும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுத்துச்சு. அது எங்க மோட்டாரே கூட இருக்கலாம்னு மாமா சொல்றாரு. இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம், நான்தான் ஒரு போட்டோ கூட எடுக்கலயே.

காவேரி தண்ணி வர்ற அன்னிக்கு அம்மா இப்ப அதுலதான் போடறாங்க, அலசின தண்ணிய பக்கெட்ல புடிச்சு வாசல் கழுவலாம்ல, புது மிஷின்ல அது முடியாதுன்னு அவங்க கணக்கு. புழியற பக்கம்தான் இன்னும் ஆகல, அந்தாளு மாட்டின டைமரோட தண்டு வேற சைஸ், குமிழ் நிக்காம வழுக்கிக்கிட்டே இருக்கு. யார் வீட்லயாவது பழைய பிபிஎல்-சான்யோ ட்வின் டப் சும்மா கெடந்தா அந்த ஸ்பின் டைமர் மட்டும் எனக்கு வேணும், காசு குடுத்தே வாங்கிக்கறேன், கழட்டறதுக்கு நானே ஸ்க்ரூ ட்ரைவரோட வரேன்.