கப்பலுக்குக் கடனில் பீர் அனுப்பும் கணக்கப்பிள்ளைகள் கவனத்துக்கு

லண்டன், 1663. லண்டன் டவர் கோட்டைக்குக் கிழக்கே செயின்ட் கேத்தரின் பகுதியில் ஒரு பீர் ஆலையில் ஒன்பது வருஷமாகக் கணக்கப்பிள்ளையாக இருக்கிறேன். பீப்பாய்க் கணக்கு, கடன் வசூல், கலால்காரரைச் சமாளிப்பது எல்லாம் என் தலையில்தான். இவ்வளவு இருந்தும் ஒரு சரக்குக் கப்பலின் பர்சரிடம், அதாவது கப்பலின் சாமான், பணக் கணக்கைப் பார்ப்பவரிடம், ஏமாந்தேன். அடுத்தவர் ஏமாறக் கூடாதென்று எழுதுகிறேன்.

60 மாலுமிகள், ஆளுக்குத் தினம் ஒரு கேலன், 90 நாள் பயணம் என்றார். ஆக 5,400 கேலன். பட் என்கிற பெரிய பீப்பாய்க்கு 108 கேலன் பிடிக்கும், அதனால் 50 பட். மார்ச்சில் காய்ச்சிய பீர், அது கெடாமல் காக்கும் ஹாப்ஸ் பூவில் கஞ்சத்தனம் காட்டவில்லை. பாதிப் பணம் முன்னால், மீதி கப்பல் திரும்பியதும் என்று பேச்சு. கப்பலுக்குச் சரக்குக் கொண்டுபோகும் லைட்டர் படகில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

கப்பல் திரும்பியது. "ஒன்பது பட் புளித்துப்போச்சு, கடலில் கொட்டிட்டோம். அதற்குப் பணம் கிடையாது" என்றார். காலிப் பீப்பாய் கேட்டால் அதுவும் கடலோடு போய்விட்டதாம். சாட்சிக்கென்று ஒரு பட்டில் கொஞ்சம் வைத்திருந்தார். தகரக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார். வாயில் வைத்தால் சுத்தக் காடி. மேல்மூடியில் எங்கள் சூட்டு முத்திரை வேறு இருந்தது. நானும் தலை குனிந்து கையெழுத்துப் போட்டேன். 1588இல் ஸ்பானிய அர்மாடா என்கிற போர்க்கப்பல் படை வந்தபோது நம் கடற்படைத் தளபதி ஹோவர்டே புளித்த பீரைப் பற்றி முறையிட்டார் என்று ஊரே அறியும். கப்பலில் பீர் புளித்தது என்றால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

ராத்திரி பேரேட்டைப் புரட்டும்போதுதான் அந்தச் சாட்சிப் பட்டின் வாயை அடைத்திருந்த கட்டை ஞாபகம் வந்தது. மூன்று மாதம் பீரில் ஊறிய கட்டை கறுத்திருக்க வேண்டும். அவர் பிடுங்கிய கட்டையோ வெள்ளை வெளேரென்று இருந்தது.

அப்புறம் கணக்குப் போட்டேன். நாங்கள் அளப்பது பீர் கேலன், 282 கன அங்குலம். ஒயின் கேலன் 231தான். மாலுமிக்கு ஒயின் கேலனில் அளந்து ஊற்றினால் 5,400 கேலனுக்கு 41 பட் போதும். மிச்சம் எத்தனை? சரியாக ஒன்பது! மாலுமியும் குறைவாகக் குடித்தான், நானும் பணம் குறைவாக வாங்கினேன், நடுவில் அவர் மட்டும் நிறைந்தார்.

மறுநாள் எங்கள் வண்டிக்காரரிடம் புலம்பினால், அவர் சாவகாசமாகச் சொல்கிறார்: கப்பல் புறப்பட்ட வாரமே பக்கத்து வாப்பிங் பகுதியில் ஒரு குடிக்கடையில் நம் முத்திரை போட்ட பட்டுகளைப் பார்த்தாராம். நாங்கள் அந்தக் கடைக்கு ஒரு துளிகூட விற்றதில்லை. முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா, ஐயா!

கலால்காரருக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாம். ஆலையிலேயே அளந்து வரி போட்டுவிடுவார். மெல்லிய பீருக்குப் பேரலுக்கு 6 பென்ஸ்; ஒரு பட் மூன்று பேரல், ஆக 150 பேரலுக்கு 3 பவுண்டு 15 ஷில்லிங். எப்போதோ கட்டியாகிவிட்டது. ஒன்பது பட்டின் விலையை முதலாளி என் சம்பளத்தில் பிடிக்கிறார். காலிப் பீப்பாய்க்கும் சேர்த்துத்தான்.

அதே கப்பல் மறுபடி ஆற்றில் நிற்கிறது. நேற்று அந்தப் பர்சரின் பையன் வந்து 60 பட் வேண்டும் என்றான். வந்த ஆர்டரை விடாதே என்கிறார் முதலாளி. சரி. "புளித்தால் பீப்பாயோடு திருப்பித் தர வேண்டும், கப்பலில் அளப்பதும் பீர் கேலனில்" என்று ஒப்பந்தத்தில் பெரிய எழுத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி வா என்று பையனிடமே கொடுத்தனுப்பினேன். இன்னும் வரவில்லை.