கத்தரிக்கோலா, டாஷ்போர்டா?

தங்களைப் பற்றி என்ன செய்தி வருகிறது என்று அரசு அலுவலகங்கள் எப்படிக் கவனிப்பது? மாவட்ட ஆட்சியர் அலுவலகச் செய்திப் பிரிவில் சில காலம் வேலை பார்த்தேன். காலை ஆறரைக்கு முதலில் தேடும் பொருள் கத்தரிக்கோல்தான். கட்டாக வந்து விழும் நாளிதழ்களில் மாவட்டச் செய்திகளைச் சுழித்து, வெட்டி, ஏ4 தாளில் ஒட்டி, பத்திரிகைப் பெயரும் தேதியும் எழுதி, ஆட்சியர் வருவதற்குள் மேசையில் வைத்தாக வேண்டும். மூன்றாம் பக்கத்தில் ரேஷன் கடைப் புகார், அதன் முதுகிலேயே நான்காம் பக்கத்தில் சாலை மறியல் என்றால் ஒரு பிரதி போதாது. அதனால் முக்கியமான பேப்பர்களை இரண்டிரண்டாக வாங்குவோம். 'ஒரே பேப்பர் எதற்கு ரெண்டு?' என்று தணிக்கைக்கு வந்தவர் கேட்டார். ஒரு தாளைத் திருப்பிக் காட்டினோம், சிரித்துவிட்டுப் போனார்.

இதே வேலையைத் தனியார் கண்காணிப்பு நிறுவனங்கள் ஆண்டுக் கட்டணத்துக்குச் செய்து தருகின்றன. டாஷ்போர்டு என்று கம்ப்யூட்டர் திரையில் வட்ட வட்டமாக வரைபடம். நல்ல செய்தி பச்சை, பாதகமானது சிவப்பு. டிவி விவாதத்தையும் யூடியூபையும் கத்தரிக்கோலால் வெட்ட முடியாது என்பதால், அந்த இடத்தில் இவர்கள் தேவைதான். சிக்கல் தமிழில் வருகிறது. 'ஆறு' என்று தேடினால் நதியும் வரும், எண்ணும் வரும். ஒரே ஊரின் பெயரை நான்கு பேப்பர்கள் நான்கு விதமாக எழுதும். ஒரு துறையில் பார்த்தது இது: பத்து நாளாகக் குடிநீர் வராத ஊருக்கு அமைச்சர் போன செய்தி பளிச்சென்று பச்சையில் இருந்தது. எங்கள் பிரிவில் பசை தடவுகிற அண்ணன்கூட அதைச் சிவப்பில்தான் போட்டிருப்பார்.

அரசே சொந்தமாக வைத்துக்கொள்வது இன்னொரு வழி. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் மின்னணு ஊடகக் கண்காணிப்பு மையம் 2008-இல் தொடங்கப்பட்டது. சேனல்கள் நிகழ்ச்சி, விளம்பர விதிகளை மீறுகின்றனவா என்று பார்ப்பதே அதன் முதல் வேலை. எதைத் தேடுகிறோம் என்பது தெளிவாக இருப்பதால் இந்தச் செலவைப் புரிந்துகொள்ள முடிகிறது. அதே அமைச்சகம் 2018-இல் மக்களின் சமூக ஊடகப் பதிவுகளைக் கண்காணிக்கும் சமூக ஊடகத் தொடர்பு மையம் என்று ஒன்றுக்குப் பெசில் என்ற பொதுத்துறை நிறுவனம் வழியாக டெண்டர் விட்டது. திரிணாமுல் காங்கிரசின் மஹுவா மொய்த்ரா வழக்குப் போட்டார். இது கண்காணிப்பு அரசை உருவாக்குவது போல ஆகிவிடாதா என்று உச்ச நீதிமன்றம் ஜூலையில் கேட்டது. ஆகஸ்டில் அரசு திட்டத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. செய்தியைப் படிப்பதும் ஆளைப் படிப்பதும் ஒரே டெண்டருக்குள் வந்தால் இப்படித்தான் முடியும்.

சரி, எல்லாவற்றிலும் மலிவானது? வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் இ-பேப்பர் பிடிஎஃப். இதைச் சிக்கனம் என்று சொல்லும் அதிகாரிகள் இருக்கிறார்கள். தன் இ-பேப்பர் டெலிகிராம் சேனல்களில் இலவசமாகச் சுற்றுவதை எதிர்த்து தைனிக் ஜாக்ரன் என்ற இந்தி நாளிதழின் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போய், 2020 மே மாதம் இடைக்காலத் தடை வாங்கியது. அரசு அலுவலகம் ஓசியில் படிப்பது எனக்கு ஒப்பவில்லை. சந்தா கட்டுங்கள், பெரிய தொகை ஒன்றும் இல்லை.

பெரிய தொகை போவது, பேப்பர்களுக்கும் சேனல்களுக்கும் செய்தி அனுப்பும் செய்தி நிறுவனங்களின் சந்தாவில். 1947 ஆகஸ்டில் சென்னையில் பதிவான பி.டி.ஐ.க்கு, வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி ஆண்டுக்குச் சுமார் 6.85 கோடி ரூபாய் கொடுத்துவந்தது. 2020 ஜூனில் சீனத் தூதரின் பேட்டி ஒன்றுக்காகப் பி.டி.ஐ.க்குக் கண்டனக் கடிதம் போனது. அக்டோபரில் பி.டி.ஐ., யு.என்.ஐ. இரண்டின் சந்தாவும் நிறுத்தப்பட்டது. 2023 பிப்ரவரியில் ஹிந்துஸ்தான் சமாச்சார் என்ற இன்னொரு செய்தி நிறுவனத்துடன் இரண்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 7.7 கோடிக்கு ஒப்பந்தம். கணக்கை மட்டும் பார்த்தால் பி.டி.ஐ. தொகையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மிச்சம். ஆனால் வானொலிக்கும் தூர்தர்ஷனுக்கும் செய்தி என்பது சமையலுக்கு அரிசி மாதிரி. விலையை மட்டும் வைத்து அரிசி வாங்குவோமா?

அமெரிக்காவில் இதே கூத்து வேறு மேடையில் நடந்தது. 2025 பிப்ரவரியில் பொலிட்டிகோ என்ற அரசியல் செய்தி நிறுவனத்தின் சந்தாக்களுக்கு அரசு 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்ததாக வெள்ளை மாளிகை சொல்லி, நிறுத்தப்போவதாக அறிவித்தது. வெளிநாட்டு உதவிக்கான அமெரிக்க அரசு அமைப்பான யு.எஸ்.எய்ட் அள்ளிக் கொடுத்ததாக இணையத்தில் பரவியது. உண்மையில் அந்த அமைப்பின் பங்கு இரண்டு ஆண்டுக்கு 44,000 டாலர்தான். மீதி பல துறைகள் கட்டிய சந்தா. மசோதா எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய வாங்கும் தொழில்முறைச் சேவை அது. அதை நன்கொடை போலப் பேசிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், மாவட்டத்துக்குக் கத்தரிக்கோல் போதும், கூடவே டிவியைக் கவனிக்க ஓர் ஆள். தலைமைச் செயலக அளவில் கண்காணிப்பு நிறுவனம் வைக்கலாம், ஆனால் பச்சை சிவப்புக்குக் காசு கொடுக்க வேண்டாம். செய்தியும் நேரமும் வந்தால் போதும். அப்புறம் டெண்டர் நிபந்தனையில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் எழுத இடம் விடு. நாங்கள் ஒட்டிய தாள்கள் திரும்பி வரும்போது ஓரத்தில் பச்சை மையில் 'வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) இன்றே நேரில் பார்த்து அறிக்கை தருக' என்று இருக்கும். ரேஷன் கடைப் புகார் வந்த அன்று மாலையே கடை திறந்ததற்குக் காரணம் அந்த ஓரம்தான்.